போக்கின்மையும் போக்குப் புலப்படாமையும்: கோயம்புத்தூர் மழைத்தொடரை வாசிக்கும் முறை குறித்து

கோயம்புத்தூர் போன்ற அரைவறட்சி நகரங்களின் நெடுங்கால மழைப்பதிவை ஆராயும் மரபொன்றில், ஆண்டு மொத்த மழையில் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க போக்கு இல்லை என்பதைக் கொண்டு, மழை மாறவில்லை, ஆண்டுக்காண்டு ஏறியிறங்குகிறது அவ்வளவே என முடிவு கட்டப்படுகிறது. கணக்கீட்டில் பிழையில்லை; அதிலிருந்து பெறப்படும் முடிவே ஐயத்திற்குரியது.

இம்முடிவுக்கு வழக்கமாகச் சான்றாவது மான்–கெண்டல் சோதனை, அதாவது ஒவ்வோர் ஆண்டின் மழையையும் பிந்தைய ஆண்டுகள் அனைத்தோடும் ஒப்பிட்டு, ஏற்றங்கள் மிகுதியா இறக்கங்கள் மிகுதியா என எண்ணும் முறை. எந்த அளவு மாற்றத்தை அச்சோதனையால் காணமுடியும் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆண்டுச் சராசரியை 650 மி.மீ. என்றும், திட்ட விலக்கத்தை, அதாவது ஆண்டுகள் சராசரியிலிருந்து விலகிநிற்கும் அளவை, 180 மி.மீ. என்றும் எடுத்துக்காட்டாகக் கொண்டால், 50 ஆண்டுத் தொடரில் நேர்கோட்டுச் சாய்வின் திட்டப் பிழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 மி.மீ. ஆகிறது, 5 விழுக்காட்டு மிகைகாண் மட்டத்தில் போக்கு என ஏற்கப்படுவதற்குச் சாய்வு அதன் இருமடங்கை, அதாவது சுமார் 3.5 மி.மீ.ஐ, எட்டவேண்டும். அரை நூற்றாண்டில் அது ஏறத்தாழ 175 மி.மீ., சராசரியில் கால்பங்குக்கும் மேல். நகரம் உண்மையாகவே கால்பங்கு மழையை இழந்திருந்தாலும், அவ்விழப்பைச் சோதனை தவறவிடும் வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம். மான்–கெண்டல் முறை நேர்கோட்டைக் கொள்வதில்லை எனினும், அதன் கண்டறியும் திறன் இதிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை.

இரண்டாவது சிக்கல் ஆண்டு மொத்தம் என்னும் அளவையிலேயே உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே இந்நகர்மீது வலுவாக வீசினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் நகருக்குக் கிடைக்கும் மழை சிறிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே பெரும்பங்கைத் தருகிறது. பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதிகள் வெப்பமுறும் எல் நினோ நிகழ்வு முன்னதைக் குறைக்கவும் பின்னதைக் கூட்டவும் முனைகிறது. 2015இல் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை இயல்பிலிருந்து 14 விழுக்காடு குறைய, அவ்வாண்டே தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை மிகையாகப் பெய்தது. எதிர்த்திசையில் அசையும் இரு பருவங்களைக் கூட்டி அத்தொகையில் போக்கைத் தேடுவது, ஒன்றையொன்று ஈடுசெய்யும் மாற்றங்களை மறைத்துவிடக்கூடும்.

எல் நினோவுக்கு எதிர்நிலையான லா நினா நிகழ்ந்த 2010, 2021 ஆகிய ஆண்டுகளிலும் வடகிழக்குப் பருவமழை மிகுந்ததே எனலாம். உண்மைதான், இங்குக் கூறப்படுவது முனைப்பே அன்றி விதியன்று. பருவங்களைப் பிரித்தால் மாறுபாடு மிகுந்து, போக்கைக் காண்பது மேலும் கடினமாகும் என்பதும் சரியே. ஆயினும் எந்தக் காற்றமைப்பைச் சேர்ந்தது என்று சொல்லத்தக்க மங்கலான அடையாளம், காரணம் சுட்டமுடியாத தெளிவான தொகையைவிடப் பயனுடையது. மழைமானி இடம்மாறியிருக்கலாம் என்னும் தடையோ, போக்கு இல்லை என்னும் முடிவையும் அதே அளவில் பாதிப்பதால், இவ்வாதத்துக்கு மட்டும் எதிரானதாகாது.

தொடரின் முடிவாண்டும் கவனத்திற்குரியது. மாநிலத்தின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்த 2016இல் முடியும் தொடரையும், மிகைமழை பெய்த 2021வரை நீளும் தொடரையும் ஒரே தொடராகக் கருதவியலாது. இறுதி ஆண்டுகள் சாய்வை அளவுக்கு மீறி இழுப்பன.

நகர நீர்த்திட்டத்திற்குப் பருவங்களுக்கிடையிலான வேறுபாடு முக்கியமானது. நகருக்குக் குடிநீர் தரும் சிறுவாணி நீர்த்தேக்கம் மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் நிரம்ப, நகரின் மழைமானி பெரிதும் வடகிழக்கு மழையையே அளக்கிறது; ஆகவே அம்மானியின் ஆண்டு மொத்தம் நிலையாக இருப்பதைக் கொண்டு குடிநீர் வரத்தும் நிலையானது எனக் கருதுவதற்கு அடிப்படையில்லை. போக்கில்லை என அறிவிக்கும் ஆய்வு, தன் தொடரால் காணக்கூடிய மிகச்சிறிய மாற்றம் எவ்வளவு என்பதையும், அதைப் பருவவாரியாகவும், உடன் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காதவரை அம்முடிவைத் தொடரின் நீளம் குறித்த கூற்றாகவே கொள்ளலாம், மழையைக் குறித்த கூற்றாக அன்று.