எவ்வுள் குளக்கரை முதல் கும்மிடிப்பூண்டி வரை

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு இவ்வட்டார வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, நான் கல்வெட்டையோ கோட்டையையோ பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். நெடுநாளாக என் நெஞ்சில் கிடந்த வினா வேறு. மனச்சோர்வுக்கென மாத்திரைகள் தோன்றியது 1950களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னும் மனிதர் மனம் உடைந்திருக்கின்றனர்; உண்ணாமலும் உறங்காமலும் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கின்றனர். அவர்களை நம் முன்னோர் என்ன செய்து தேற்றினர்? அவ்வழிகளுள் எது இன்றும் எஞ்சியிருக்கிறது? இவ்வினாவின் பின்னே சென்றதன் பயனே இக்கட்டுரை.

திருவள்ளூரிலேயே தொடங்கலாம். திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய இத்தலத்தின் பழம்பெயர் திருஎவ்வுள். பெருமாள் ஒரு முனிவரிடம் தாம் படுப்பதற்கு ‘எவ்வுள்’ என்று கேட்டதால் இப்பெயர் வந்தது என்பது தலபுராணம். பெருமாளை வைத்திய வீரராகவர் என்பர். திருக்குளத்தின் பெயர்தான் நமக்கு முதன்மையானது. ஹிருத்தாபநாசினி என்ற அவ்வடமொழித் தொடருக்கு நெஞ்சின் தாபத்தை அழிப்பது என்று பொருள். இன்று அக்குளத்தில் வெல்லம் கரைப்போர் பலரும் உடற்பிணிக்காகவே கரைக்கின்றனர். பெயரிட்டவர் மனத்தில் இருந்தது நெஞ்சின் வெப்பம் எனத் தோன்றுகிறது.

அமாவாசைதோறும் அங்கு நிகழ்வதை ஊன்றி நோக்குதல் வேண்டும். முதல் நாள் மாலையே மக்கள் வந்து சேர்கின்றனர். கோயிலைச் சுற்றித் துண்டை விரித்துப் படுக்கின்றனர். விடியலில் குளக்கரையில் நீத்தார் கடன் செய்கின்றனர். கணவனை இழந்தவளும் மகனைப் பறிகொடுத்தவனும் தம்மைப் போன்றோர் ஆயிரவரிடையே ஓர் இரவு கிடக்கின்றனர். துயரத்துக்கு ஓர் இடம், ஒரு நாள், செய்வதற்கு ஒரு வினை, சுற்றிலும் மனிதர் ஆகிய யாவும் அங்கே கிடைக்கின்றன. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணியர் இருப்புப் பாதை திருவள்ளூர் வழியே இடப்பட்ட பின், தொலைவூராரும் எளிதில் வர வாய்ப்பாயிற்று. வெல்லம் நோயைத் தீர்க்கிறதா என்று நான் வாதிட வரவில்லை. அந்த ஓர் இரவைப் பற்றியே பேசுகிறேன்.

துயரத்தின் காரணங்களைத் தமிழ் மரபு தெளிவாகவே வகுத்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும்: பிறரால் இகழப்படும் இளிவு, உயிரையோ உடைமையையோ இழக்கும் இழவு, பண்டிருந்த நல்ல நிலையிலிருந்து தாழும் அசைவு, நான்காவதாக வறுமை. இவற்றுள் எதுவும் தனிமனிதனின் மூளைக்குள் மட்டும் பிறப்பதன்று. நான்கும் பிறரோடு கொண்ட வாழ்விலே பிறப்பன. இந்நான்கையும் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

திருவள்ளூரிலிருந்து அதே பாதையில் கிழக்கே சென்றால் சென்னை. அங்கே 1794-இல் வாலண்டைன் கோனலி என்ற அறுவை மருத்துவர் கும்பினியாரின் துணையோடு ஒரு பைத்தியக்காரர் விடுதியை நடத்தினார். இரண்டே ஆண்டுகளில், 1796-இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்னும் வணிகர் ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்து, சங்கிலியை விடுத்துத் தோட்டவேலையும் கனிவான பேச்சுமே மருந்து என்றார். சென்னை விடுதி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறி, பின்னர் அரசு மனநல மருத்துவமனையாயிற்று. 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன் தொழில்வழிச் சிகிச்சைக்கு அங்கே இடமளித்து வளர்த்தார். ஓய்வுக்குப் பின் 1984-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தையும் தொடங்கினார். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் நம் திரைப்பட நகைச்சுவையாளர்கள் இந்த அம்மையாரின் பெயரை ஒருமுறையேனும் உச்சரித்திருக்கலாம்.

எனினும் கீழ்ப்பாக்கத்தில் ஒன்று குறைவாகவே இருந்தது. நோயாளியின் உறவினர் மதிலுக்கு வெளியே நின்றனர். அம்மதிலைத் திறந்தது வேறிடத்தில். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியின் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தார். திருவள்ளூர் பாதையில் மேற்கே காட்பாடியில் இறங்கிச் செல்லும் வேலூரில், பாகாயத்தில் 1957-இல் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், உறவினர் ஒருவர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் அங்கமாகவே ஆக்கியது. அமாவாசை இரவில் திருவள்ளூரில் நாம் கண்டது மருத்துவ உடையணிந்து பாகாயத்தில் நிற்கிறது என்று சொன்னால் மருத்துவ அன்பர்கள் சினங்கொள்ளாதிருப்பாராக.

கோயில்வழியை மருத்துவர்களே அளந்து பார்த்த ஒரு நிகழ்வும் உண்டு. தென்தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலுக்கு மனநோயுற்றோர் வந்து தங்குவர். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் இரகுராமும் துணைவர்களும் 2000-ஆம் ஆண்டில் அங்குத் தங்கியோரை ஆராய்ந்து, 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். ஆராயப்பெற்றோர் 31 பேர்; ஒவ்வொருவருடனும் உறவினர் ஒருவர். தங்கிய காலம் சராசரியாக ஆறு வாரம். பேயோட்டலோ சாட்டையோ அங்கில்லை. காலையில் எளிய வழிபாடு, பின் கோயிலைப் பெருக்குதல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் என நாள் கழிந்தது. நோயின் கடுமையைக் குறிக்கும் அளவெண் 52.9-லிருந்து 42.9 ஆகக் குறைந்தது. சில மருந்துகளால் விளையும் பயனுக்கு இது ஒப்பாகும் என்பது அவர்கள் மதிப்பீடு. அங்கிருந்தோர் பெரும்பாலும் கடுமையான மனச்சிதைவுற்றோர். வெறும் சோர்வுற்றோர் அல்லர் என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டு நோக்க மற்றொரு குழு அங்கில்லை என்பதும் உண்மை.

அக்கட்டுரை வெளிவருவதற்கு முந்தைய ஆண்டிலேதான் ஏர்வாடிக் கொடுமை நிகழ்ந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில், தனியார் காப்பகமொன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். இயற்கைவழி, மரபுவழி என்று வாய்நிறையப் பேசுவோர் இதை மறத்தலாகாது. வேலாயுதம்பாளையம்புதூரில் உறவினர் உடனிருந்தார். ஏர்வாடியில் உறவினர் விட்டுச் சென்ற இடத்தைச் சங்கிலி நிரப்பிற்று. பழமை என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. அவ்வாறே, மருந்து தேவைப்படுவோர்க்கு அதை மறுப்பதும் அறமாகாது. மருத்துவர் தந்த மாத்திரையை ஒருவர் தாமே நிறுத்துவதற்கு இக்கட்டுரை துணை நிற்காது.

இனிக் கும்மிடிப்பூண்டி. 1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றிய பின் தமிழகத்தில் எழுந்த தொழில் வளாகங்களுள் ஒன்று இங்கு அமைந்தது. இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் பெருகின. ஒடியா, பீகார் இளைஞர் ஓர் அறையில் பலராகத் தங்கி, ஷிப்டு மாறும்போது படுக்கையும் மாறி உறங்குகின்றனர். கூட்டத்தின் நடுவே ஒரு தனிமை அது. ஒருவன் விழிக்கையில் மற்றவன் உறங்குகிறான். அவர்களுடைய குளக்கரை ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறது.

அதே ஊரில் ஈழத்தமிழர் முகாமும் உண்டு. 1990-இன் பெருவரவைத் தொடர்ந்து வந்தோரும், இங்கேயே பிறந்த அவர்தம் மக்களும் பேரக்குழந்தைகளும் அங்கு வாழ்கின்றனர். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021-இல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. மெய்ப்பாட்டியலின் நான்கையும் ஒருங்கே காண வேண்டுமாயின் அங்குச் செல்லலாம். தோட்டமும் துரவும் இருந்த வீட்டை விட்டு ஒற்றை அறைக்கு வந்தது அசைவு. உறவினரைப் பறிகொடுத்தது இழவு. மற்ற இரண்டையும் நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்விழவில் ஒரு தனிக்கொடுமை உண்டு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத் துயரங்களை ஆராய்ந்தபோது, காணாமற்போனவரின் குடும்பத்தார் ஈமக்கடனும் செய்ய இயலாமல், நம்பிக்கையையும் கைவிட இயலாமல் உறைந்து நிற்பதை எடுத்துக்காட்டினார். உடல் கிடைக்காத இடத்தில் சடங்கு நின்றுவிடுகிறது. சடங்கு நின்ற இடத்தில் அழுகையும் நின்றுவிடுகிறது. அவர் கையாண்ட வழிகள் எளியன. இந்துவுக்கு ஓங்காரம், கிறித்தவருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ரு, பௌத்தருக்குச் சரணம் என அவரவர் பாட்டி சொல்லித் தந்ததையே மூச்சோடு இணைத்துச் சொல்லச் செய்தார். புதிதாக ஒன்றைக் கற்பிக்கவில்லை, மறந்ததை நினைவூட்டினார்.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ‘சிநேகா’வைத் தொடங்கினார். 1953-இல் இலண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய இயக்கத்தின் வழியில் வந்தது அது. அங்கே தொண்டர் அறிவுரை கூறுவதில்லை, கேட்கின்றனர். அறிவுரையைத் தேசியத் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு இது எவ்வளவு கடினம் என்பதை நான் சொல்ல வேண்டுமா! அவரும் துணைவர்களும் தமிழக முகாம்களில் செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. முகாம்வாசிகளிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்றினர். உயிரை மாய்க்கும் எண்ணம் கொண்டோரை அவர்கள் இடைவிடாது சென்று கண்டனர். அவ்வெண்ணம் தலைதூக்கும் நேரத்தில் யாரை அழைப்பது, என்ன செய்வது என்று முன்கூட்டியே அவரோடு அமர்ந்து திட்டமிட்டனர். அம்முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன.

அதே 2017-இல் கோவாவிலிருந்து மற்றொரு செய்தி. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வுடையோர் 495 பேரை விக்ரம் பட்டேல் குழுவினர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்றவர்க்கு, மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர்ப் பயிற்சியாளர் ஆறு முதல் எட்டு முறை சந்தித்து, விட்டுவிட்ட சிறு செயல்களை ஒவ்வொன்றாக மீளத் தொடங்கத் துணை செய்தனர். சோர்வு செயலைக் குறைக்கும். செயல் குறையக் குறையச் சோர்வு பெருகும். அவ்வளையத்தை மனம் தெளியும்வரை காத்திராமல் செயலின் பக்கத்திலிருந்து அறுப்பதே முறை. மூன்று திங்களில், முதற்பிரிவில் நூற்றுக்கு 39 பேரும் இரண்டாம் பிரிவில் 64 பேரும் தேறினர். செடிக்கு நீர் ஊற்றிய வேலாயுதம்பாளையம்புதூராரை நினைத்துக்கொண்டேன்.

2022 அக்டோபரிலிருந்து நடுவணரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம்.

நம் வட்டத்தைப் பற்றியும் ஒரு செய்தி. ஐந்தாம் ஆண்டில், கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் பணியாற்றிய நம் அன்பர் ஒருவர் மாதக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். ஷிப்டு மாறியிருக்கும் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். நான்கு திங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. கம்பனைப் பற்றி நான்கு கூட்டம் பேசினோம். பிறகு இருவர் ரயிலேறிச் சென்றோம். அறை இருண்டிருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. தேநீர் வாங்கி வந்து உடன் அமர்ந்தோம். அடுத்த ஞாயிறும் சென்றோம். மூன்றாம் ஞாயிறு எங்களை வழியனுப்ப நிலையம் வரை நடந்து வந்தார். பின்னர் அரசு மருத்துவமனைக்கும் உடன் சென்றோம். சில திங்கள் மாத்திரையும் உட்கொண்டார். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். இம்மலருக்கு மெய்ப்புத் திருத்தியவர் அவரே. இவ்வரிகளிலும் ஒற்றுப்பிழை இருந்தால் திருத்தியிருப்பார்.