கருணைக்கொலை: மாற்றுத்திறனாளிகளின் பார்வையும் திரைச் சித்திரிப்பும் (சேலம் பகுதி)

தீரா நோயோ கடும் உடற்குறையோ உள்ளவர் பிறர் உதவியுடன் உயிர்விடலாமா என்ற விவாதத்தில் மாற்றுத்திறனாளிகள் முன்வைக்கும் வாதங்களையும், அவர்களைத் திரைப்படமும் தொலைக்காட்சியும் காட்டிய விதத்தையும் இக்கட்டுரை கூறுகிறது. வாழ உதவி கிடைக்காதபோது சாக விரும்புவதை ஒருவரின் சுதந்திரமான முடிவு எனக் கொள்ளலாமா என்பதே அவர்களுடைய முதன்மைக் கேள்வி.

முதியோரின் சாவை விரைவுபடுத்தும் ‘தலைக்கூத்தல்’ பெரும்பாலும் விருதுநகர் முதலான தென்மாவட்டங்களைச் சார்ந்தே பேசப்படுகிறது.

திரையிலோ, 2009-இல் வெளியான இயக்குநர் பாலாவின் ‘நான் கடவுள்’ படத்தில், முகம் சிதைக்கப்பட்ட பார்வையற்ற பெண் தனக்கு விடுதலை கேட்க, நாயகன் அவளைக் கொல்கிறான். இது பேரருள் என்பர் சிலர்; ஊனமுற்ற உயிருக்கு மரணமே மீட்சி என்ற பழைய எண்ணம் என்பர் வேறு சிலர். படத்திற்காகப் பாலா தேசிய விருது பெற்றார்.

அதே 2009-இல் சேலத்தில் ஆதவ் அறக்கட்டளை தொடங்கியது. அதை நிறுவிய வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி ஆகிய சகோதரிகள் இருவருக்கும் தசைச்சிதைவு நோய் இருந்தது. இந்நோயில் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும், பல வகைகளில் நடை போகும், முதுகெலும்பு வளையும், இறுதியில் மூச்சுத் தசையும் இதயமும் தளரும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆயினும் இயன்முறைச் சிகிச்சையும், மூச்சுக்குத் துணை செய்யும் கருவியும், புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆளும் இருந்தால் வாழ்நாளும் நீளும், வலியும் குறையும். சகோதரிகள் சக்கர நாற்காலியில் இருந்தபடியே இந்நோயுள்ள பிறருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளித்தனர். ‘நம்பிக்கை மனுஷிகள்’ என்ற ஆவணப்படம் இவர்களைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற ஏழு குறைபாடுகளில் தசைச்சிதைவு இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது சேர்ந்தது. மாதேவி 2017 ஜனவரியில் காலமானார்.

உச்ச நீதிமன்றம் 2011-இல் அருணா ஷான்பாக் வழக்கிலும் 2018-இல் காமன் காஸ் வழக்கிலும் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்க நிபந்தனைகளுடன் இசைந்தது. மருந்து செலுத்திக் கொல்வது குற்றமாகவே நீடிக்கிறது. நினைவிழந்து படுக்கையில் கிடந்த அருணாவை மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் நாற்பதாண்டுகளுக்கும் மேல் பேணினர். சிகிச்சை விலக்கத்தை எதிர்த்தவர்களும் அவர்களே.

தொலைக்காட்சி காட்டிய விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2020 அக்டோபரில் சேலத்தில் நோயுற்ற 74 வயது முதியவர் உயிருடன் சடலத்துக்கான ஃப்ரீசர் பெட்டியில் வைக்கப்பட்டார். செய்தித் தொலைக்காட்சிகள் அக்காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டின. மீட்கப்பட்ட அவர் சில நாள்களில் இறந்தார்.

2024-இல் பிரித்தானிய நடிகை லிஸ் கார் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் உதவியுடனான மரணத்தை மாற்றுத்திறனாளியாக எதிர்த்தார். அதே ஆண்டு ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில், மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்போர் அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.