கேசட் போய் கார்டு வந்த கதை

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எந்தத் தமிழ் வீட்டின் பீரோவைத் திறந்தாலும், மேல்தட்டில் பட்டுப்புடவைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் நாலைந்து வி.எச்.எஸ். கேசட், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில மினி டிவி கேசட். "பெரியவன் கல்யாணம்", "அப்பா சஷ்டியப்தபூர்த்தி", "சின்னவள் அரங்கேற்றம்" என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. போட்டுப் பார்க்க மெஷின் எங்கே இருக்கிறது?

நான் தஞ்சாவூர்ப் பக்கம். பிழைப்புக்கு ஐதராபாத் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழில் வீடியோ எடிட்டிங். டேப் ராஜ்யத்தில் தொழில் கற்று, அது முடிந்ததையும் இந்த ஊரிலேயே இருந்து பார்த்துவிட்டேன். டேப் போய் கார்டு வந்ததால் எத்தனை சௌகரியம் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதனால் கை நழுவிப் போன ஒன்றைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊர்விட்டு ஊர் வந்த நம் மாதிரிக் குடும்பங்களுக்கு அது ரொம்ப முக்கியம் என்பதால் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

1971-ல் சோனி கொண்டுவந்த யூ-மேட்டிக், முக்கால் அங்குல டேப். வெளியே ஷூட்டிங் போனால் கேமரா ஒருவர் தோளில், ரெக்கார்டர் இன்னொருவர் தோளில், நடுவில் ஒரு கேபிள். இரண்டு பேரும் மாட்டுவண்டி மாடுகள் மாதிரி சேர்ந்தேதான் நடக்கவேண்டும். 1982-ல் பீட்டாகேம் வந்தபோது கேமராவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. 1986-ல் பீட்டாகேம் எஸ்பி, 1993-ல் டிஜிட்டல் பீட்டாகேம். டிவி உலகத்தை இந்தக் குடும்பம்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஆண்டது.

ஐதராபாத்தில் தூர்தர்ஷன் நிலையம் 1977-ல் தொடங்கியது. ராமந்தாபூரில் இருக்கிறது. தனியார் தெலுங்கு சேனல்களில் ஈடிவி 1995 ஆகஸ்ட் 27 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1993 ஏப்ரல் 14 அன்று, சென்னையில் சன் டிவி. அதற்கும் முன்பே 1990-ல் "பூமாலை" என்று தமிழில் ஒரு வீடியோ செய்தி இதழ் வி.எச்.எஸ். கேசட்டில் வந்தது நினைவிருக்கிறதா? செய்தியையே கேசட்டில் வாங்கிப் பார்த்த காலம் அது!

நான் வேலைக்குச் சேர்ந்தபோது செய்தி என்பது கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய பொருள். மாவட்டத்தில் எடுத்த டேப், பஸ் டிரைவர் கையில் பார்சலாக ஏறி, விடிகாலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கும். ஆபீஸ் பையன் ஓடிப்போய் வாங்கி வருவான். பஸ் லேட் என்றால் செய்தியும் லேட்!

1995-ல் டிவி ஃபார்மட் வந்தது. (இந்த 'டிவி' டெலிவிஷன் இல்லை, டிஜிட்டல் வீடியோ.) அதே வருஷம் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவும், ஃபயர்வயர் என்ற ஒரு கேபிளும் சேர்ந்து கல்யாண வீடியோக்காரர்களின் தலையெழுத்தை மாற்றின. லட்சக்கணக்கில் போட்டு எடிட்டிங் டெக் வாங்காமல், சாதாரண கம்ப்யூட்டரிலேயே தரம் குறையாமல் எடிட் பண்ணலாம் என்று ஆனது. ஒரு மணி நேர டேப் கம்ப்யூட்டரில் ஏறினால் சுமார் 13 ஜிபி.

ஆனால் ஏற்றுவதற்கு அதே ஒரு மணி நேரம் ஆகும். ஆறு டேப் என்றால் ஆறு மணி நேரம். வேகப்படுத்த வழியே கிடையாது. அலுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுவோம் என்பது அப்போது உறைக்கவில்லை. எந்த மாமா எங்கே சிரித்தார், நாதஸ்வரக்காரர் எப்போது தண்ணீர் கேட்டார் என்பது வரை எடிட்டருக்கு மனப்பாடம்.

இன்னொன்று. எடுத்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன விசையைத் தள்ளிவிடுவோம். அதன்மேல் இனி ரெக்கார்ட் ஆகாது. லேபிள் ஒட்டி அலமாரியில் வைத்தால் வேலை முடிந்தது. அடுத்த கல்யாணத்துக்குப் புது டேப். எடுத்தது எதுவோ அதுவே சேமிப்பு. பத்திரப்படுத்துவதற்கென்று தனி ஆள் வேண்டாம், தனிச் செலவும் வேண்டாம். டேப்பை வாங்கியபோதே அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தாகிவிட்டது.

டேப் ஏதோ தெய்வாம்சம் என்று சொல்ல வரவில்லை. சென்னைக் கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஹெட்டில் தூசி சேர்ந்தால் முகூர்த்த நேரத்தில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். 2003-ல் வந்த எச்டிவி அதே சின்ன கேசட்டில் உயர்தரப் படத்தைத் திணித்தது. அதில் டேப் ஒரு இடத்தில் விட்டுப்போனால் அரை விநாடிப் படமே உறைந்து நிற்கும். தாலி கட்டும் நேரத்தில் அரை விநாடி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களில் டேப் விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து அதன்மேலேயே எடுப்பார்கள். தூர்தர்ஷனின் ஆரம்பகால நிகழ்ச்சிகள் பலவும் இப்படிப் போனவைதான். நாம் மட்டும் இல்லை, 1969-ல் மனிதன் நிலவில் இறங்கிய காட்சியின் மூலப் பதிவு டேப்புகள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கின்றன என்று 2009-ல் நாசாவே சொன்னது. டிவியில் ஒளிபரப்பான பிரதிகள் இருந்ததால் காட்சி தப்பித்தது.

சரி, கார்டுக்கு வருவோம்.

டேப் இல்லாமல் எடுப்பது திடீரென்று ஒருநாள் வந்துவிடவில்லை. 1995-லேயே இகெகாமி நிறுவனம் ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்யும் கேமராவைக் கொண்டுவந்தது. அவ்வளவாகப் பரவவில்லை. 2003-ல் சோனி ஒளித்தட்டில் பதியும் எக்ஸ்டிகேம். 2004-ல் பானாசோனிக் பி2 கார்டு. 2005 கடைசியில் வந்த பானாசோனிக் எச்விஎக்ஸ்200 கேமராவில் 1080 தரத்தில் எடுத்தால் 8 ஜிபி கார்டில் எட்டு நிமிஷம்தான் பிடிக்கும். அந்த ஒரு கார்டின் விலை அப்போது ஆயிரம் டாலருக்கு மேல்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. டேப் மலிவு, அதனால் வைத்துக்கொண்டோம். கார்டு விலை அதிகம், அதனால் எடுத்ததை உடனே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, கார்டைத் துடைத்து மறுபடி கேமராவில் போட்டோம். "அன்னா, கார்டு ஃபார்மட் சேசெய்யனா?" என்று தெலுங்குப் பையன் கேட்பான். அழித்துவிடட்டுமா என்று அர்த்தம். ஒரு கல்யாணத்தில் அந்தக் கேள்விக்குப் பத்துத் தடவையாவது பதில் சொல்லவேண்டும். டேப் காலத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 2007-ல் சோனியின் பிஎம்டபிள்யூ-இஎக்ஸ்1, அதே வருஷம் சினிமாவுக்கு ரெட் ஒன். 2008-ல் கேனான் 5டி மார்க் 2. போட்டோ கேமராவில் வீடியோ எடுப்பது பரவலானது அதற்குப் பிறகுதான். கல்யாண வீடியோ சினிமா மாதிரி தெரிய ஆரம்பித்ததும் அப்போதுதான். ரெட் ஒன்னில் எடுத்த முதல் இந்தியப் படங்களில் ஒன்று, 2009 ஜூலையில் வந்த "அச்சமுண்டு அச்சமுண்டு". நியூஜெர்சியில் வாழ்ந்த அருண் வைத்தியநாதன் இயக்கிய படம். அங்கே வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை என்பதால் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே வருஷம் செப்டம்பரில் வந்த கமலின் "உன்னைப்போல் ஒருவன்" படத்துக்கும் ரெட் ஒன்தான்.

சினிமாவில் இதற்கென்று ஒரு ஆள் வந்தார். கார்டை வாங்கி, இரண்டு மூன்று ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, சரிபார்த்து, பிறகுதான் கார்டை அழிக்க அனுமதி கொடுப்பார். வேறு வேலையே அவருக்குக் கிடையாது. கல்யாண வீடியோவில் அந்த ஆள் வரவில்லை. யார் சம்பளம் கொடுப்பது? வீடியோக்காரரே பந்திக்கு நடுவில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மாற்றுவார்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த நிலநடுக்கமும் சுனாமியும் மிச்சத்தை முடித்துவைத்தன. செண்டாய் பக்கத்தில் இருந்த சோனியின் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தது. ஹாலிவுட்டும் டிவி நிறுவனங்களும் நம்பியிருந்த எச்டிகேம் எஸ்ஆர் டேப் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் ஃபைலுக்கு ஓடினார்கள். 2016 மார்ச்சில் சோனி பீட்டாமேக்ஸ் கேசட்டுகளை நிறுத்தியது. அதே வருஷம் ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.எச்.எஸ். மெஷின் தயாரிப்பதையும் நிறுத்திவிட்டது.

இதெல்லாம் வீட்டில் எப்படி வந்து விடிகிறது என்பதற்கு ஒரு உதாரணம்.

எங்கள் பக்கத்துத் தெரு மாமி ஒருவர் வீட்டில் இரண்டு கல்யாணம். மூத்தவளுக்கு 2003-ல், இளையவனுக்கு 2010-ல். தாத்தா இரண்டிலும் இருந்தார். இப்போது இல்லை. "தம்பி, அவர் குரல் எங்கேயாவது இருக்குமா பாரேன்" என்று மாமி கேட்டார். 2003 கல்யாணத்தின் ஆறு மினி டிவி டேப்பும் பையில் இருந்தன. ஓட்டினேன். நாலாவது டேப்பில், எடிட்டில் சேர்க்காத இடத்தில், தாத்தா சமையல்காரரிடம் ரசத்தைப் பற்றி மூன்று நிமிஷம் சண்டை போடுகிறார். மாமி அதை எத்தனை தடவை கேட்டார் என்று எண்ணவில்லை.

2010 கல்யாணத்துக்கு இருந்தது ஒரு டிவிடி மட்டும். அழகான எடிட்டிங், பின்னணியில் சினிமாப் பாட்டு. தாத்தா வாய் அசைகிறது, பாட்டுதான் கேட்கிறது. எடுத்தவரிடம் போன் பண்ணினேன். "சார், ரா ஃபுட்டேஜ் ஆறு மாசம்தான் வைப்போம். அந்த டிஸ்க்கும் எப்பவோ போயிடுச்சு." அவரைத் தப்பு சொல்லமுடியாது. வைத்திரு என்று யாரும் சொல்லவில்லை, அதற்குக் காசும் கொடுக்கவில்லை.

இதைத்தான் சொல்ல வந்தேன். டேப் காலத்தில் எடுப்பதும் வைப்பதும் ஒரே வேலை. கார்டு வந்ததும் அது இரண்டு வேலையாகப் பிரிந்தது. எடுக்கும் வேலைக்கு ஆள் இருக்கிறார், கூலி இருக்கிறது. வைக்கும் வேலையை யார் தலையிலும் கட்டவில்லை. யாரும் செய்யாவிட்டால் அது தானாக நடக்காது.

இதில் ஒரு வேடிக்கை. பெரிய ஸ்டுடியோக்களும் டிவி நிறுவனங்களும் ஃபைல்களைக் கடைசியில் எதில் கொண்டுபோய் வைக்கின்றன தெரியுமா? டேப்பில்தான்! 2000-ல் வந்த எல்டிஓ என்ற கம்ப்யூட்டர் டேப். 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் ஒரு கேசட்டில் 18 டெராபைட் பிடிக்கும். நம் வீட்டுக்கு அதன் மெஷின் கட்டுப்படியாகாது. ஆனால் தனியாக மெனக்கெட்டால்தான் எதுவும் மிஞ்சும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

பழைய டேப்புகளுக்கும் அவகாசம் குறைவு. 2019-ல் யுனெஸ்கோ ஒரு எச்சரிக்கை விட்டது. 2025 வாக்கில் டேப் ஓட்டும் மெஷின்கள் அநேகமாக மறைந்துவிடும், அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று. அந்த வருஷமும் வந்து போய்விட்டது. மெஷின் இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு, வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன.

ஆகவே, என் தொழிலிலிருந்து சில யோசனைகள்:

மினி டிவி கேசட் இருந்தால், ஃபயர்வயர் கேபிள் வழியாக அப்படியே ஃபைலாக ஏற்றித் தரச் சொல்லுங்கள். டிவிடியாகக் கேட்காதீர்கள், அதில் படம் சுருக்கப்பட்டு, தரம் குறைந்துவிடும். இருபது டேப் என்றாலும் 260 ஜிபிதான். எங்கள் ஊரில் பார்க்லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டரில் கிடைக்கிற சாதாரண ஹார்டு டிஸ்க்கிலேயே தாராளமாக அடங்கும்.

ஏற்றியபின் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்க் போனால் திரும்பி வர அதுதான் வழி.

இனி வரும் கல்யாணங்களுக்கு, அட்வான்ஸ் கொடுக்கும்போதே எடிட் பண்ணாத முழு ஃபைலும் வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். தனி டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பிரதி ஒன்று போதாது. இரண்டு, அதுவும் வேறு வேறு ஊரில். இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அண்ணன் சென்னை, தங்கை சிங்கப்பூர், நாம் செகந்திராபாத் என்று சிதறிக் கிடக்கிறோமே என்று வருத்தப்படுகிறோம் இல்லையா, அந்தச் சிதறலே இங்கே பாதுகாப்பு. ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா கிடக்கிற டிஸ்க்கும் ஒருநாள் நின்றுவிடும்.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பரணில் இருக்கும் பையையும் கொண்டுவந்துவிடுங்கள். லேபிளில் எழுதியிருப்பது யாருடைய கையெழுத்து, அந்தக் கேசட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் எங்கேயாவது கிடைக்கும். அந்த விவரம் அவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும்.