வேட்டைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது யார்?

போடியிலிருந்து குரங்கணி வழியா டாப் ஸ்டேஷன் நடந்து ஏறினவங்களுக்குத் தெரியும்: அரை கிலோ சுமையும் போகப் போக கனக்கும். அந்த மலைக்கு அப்பால், மூணாறு பக்கம் இரவிகுளத்தில்தான் வெள்ளைக்கார தேயிலைத் தோட்டக்காரர்கள் வரையாடு வேட்டையாடினாங்க. வழிகாட்டினது முதுவர்கள்.

இந்த மாதிரி மலைக்கு எந்தத் துப்பாக்கி? இரட்டைக்குழல்னா குழலும் கட்டையும் தனித்தனியா பிரிஞ்சு தோல் பெட்டிக்குள்ள அடங்கிடும். போல்ட் ஆக்‌ஷன்ல குழலைத் திருகி இறுக்கியிருப்பாங்க. கழற்றி மாட்டுற மாதிரி செய்யலாம், விலை ஏறும். ஆனா சாதாரண போல்ட் ஆக்‌ஷன் மலிவு, அடுத்தடுத்து அஞ்சு ரவுண்டு வரைக்கும் சுடலாம்.

சரி, தோட்டா? இங்கதான் அரசாங்கம் நுழையுது. 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம். ஐரோப்பியர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. 1907 வாக்கில் .450 ரகத்துக்குத் தடை வந்தது. ராணுவத் தோட்டா கலகக்காரங்க கைக்குப் போயிடுமோன்னு பயம். ராணுவத்தோட .303-க்கும் அதே கதி. இங்கிலாந்துக் கம்பெனிகள் .470 மாதிரி புது அளவுகளைக் கொண்டுவந்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, பக்கா ஒர்க்அரவுண்ட்!

.315 கதை இன்னும் சுவாரசியம். அது ஆஸ்திரிய ராணுவத்தோட 8 மி.மீ. தோட்டா. இங்க இருந்த ராணுவம் அதைப் பயன்படுத்தலங்கறதுதான் அதோட பெரிய தகுதி. விடுதலைக்கு அப்புறமும் இஷாப்பூர் தொழிற்சாலை லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 வேட்டைத் துப்பாக்கி செஞ்சுது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் பட்டியலில் வச்சது. இரவிகுளம் 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. இப்ப அங்க வரையாட்டைச் சுடுறது கேமரா மட்டும்தான்.