முடி வெட்ட எதுக்கு சார் சர்டிபிகேட்?



தலைப்பில் உள்ள கேள்வி நம்ம பழைய மாணவர் ஒருவர் கேட்டது. வரலாற்றுப் பாடம் மாதிரி கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1897-லேயே முடிதிருத்துவோருக்கு லைசென்ஸ் சட்டம் போட்டது. இன்று அங்கே பல மாநிலங்களில் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால்தான் இந்தத் தொழில் செய்யலாம். நம் நாட்டில் அப்படிக் கட்டாயத் தேர்வு கிடையாது.

அப்படியானால் இங்கே இந்தத் தொழிலை யார் செய்வது என்று தீர்மானித்தது எது? பிறப்புதான். நாஞ்சில் நாட்டில் குடிமகன், நாவிதர் என்றெல்லாம் சொன்னோம். மகன் அப்பாவிடம் கற்றான். கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போடும் நெல். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் இல்லாமல் நடக்காது. ஆனால் வீட்டுத் திண்ணையில் அவருக்கு இடம் இல்லை.

அந்தக் குடும்பங்களின் கையில் வைத்தியமும் இருந்தது. ஆண்கள் புண், கட்டிக்கு மருந்து போட்டார்கள். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்கள் சும்மா வந்தவை அல்ல. 1909-இல் வெளியான தர்ஸ்டனின் நூலிலும் இது பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில்கூட 1540 முதல் 1745 வரை நாவிதர்களுக்கும் அறுவை வைத்தியர்களுக்கும் ஒரே சங்கம்தான்.

பிறகு சட்டம் வந்தது, வைத்தியத்துக்கு மட்டும். சென்னை மாகாணத்தில் 1914-இல் மருத்துவப் பதிவுச் சட்டம், 1926-இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம். நாம் அப்போது திருவிதாங்கூர். 1953-இல் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர்கள் சட்டம் நாட்டு வைத்தியத்தையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. நோயாளிக்கு அது பாதுகாப்பு, மறுக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூடமே எட்டாத குடும்பங்கள் எந்தச் சான்றிதழைக் காட்டும்? மதிப்புள்ள வேலை கைவிட்டுப் போனது. கத்தியும் கத்திரியும் சாதிப் பெயரும் மிஞ்சின.

இன்று ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறிய யாரும் சேரலாம். முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் உண்டு. 2023-இல் வந்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் முடிதிருத்தலும் ஒன்று. அதில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு 2024-இல் ஏற்கவில்லை. குலம் பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது.

ஆக, தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பிறப்பு, யாருடைய மகன் என்று கேட்டது. பரீட்சை, வேலை தெரியுமா என்று மட்டும் கேட்கும். வேலை தெரிந்தவனுக்குப் பேங்கில் கடன் கேட்கவும், வெளிநாட்டில் வேலை தேடவும் அந்தக் காகிதம் உதவும். அடுத்த வீட்டுப் பிள்ளை இந்தத் தொழிலைக் கற்க வந்தாலும், இது இன்ன சாதி வேலை என்ற பேச்சு குறையும்.

விருப்பமுள்ள பிள்ளைகள் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் போய், எங்கே இந்தப் பிரிவு இருக்கிறது என்று விசாரியுங்கள். சலூன் நடத்தும் நம்ம மாணவர்கள் கீழே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.