நொய்யலும் கடைமடைப் பாத்தியதையும்

கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, பேரூர், சிங்காநல்லூர், சூலூர், திருப்பூர் முதலிய ஊர்களைத் தழுவிக் கிழக்கே நடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கி நிற்கும் நொய்யல் என்னும் சிற்றூரின் அருகே காவிரியோடு கலந்துவிடும் நொய்யலாறு, இருநூறு கிலோமீட்டருக்கும் குறைந்த நீளமே உடையதாயினும், கொங்கு நாட்டின் பொருளாதார சரித்திரத்தை எழுதப் புகுவோன் எவனும் தாண்டிச் செல்ல இயலாத நதியாகும். பேரூர்ப் புராணம் இயற்றிய கச்சியப்ப முனிவர் காலத்தில் காஞ்சிமாநதி என்று போற்றப்பட்ட இவ்வாற்றுக்கு இயற்கையே ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டுவது மலையின்மேல். நிலம் விரிந்து கிடப்பதோ அம்மலையே மழையை மறைத்து நிற்கும் வறண்ட சமவெளியில். ஆகவே மேலே உள்ளவன் விட்டால்தான் கீழே உள்ளவனுக்கு நீர் என்ற நிலை, அரசர் எவரும் சட்டம் வகுப்பதற்கு முன்பே இப்பிரதேசத்தின் விதியாக அமைந்துவிட்டது.

இந்த விதிக்கு நம் முன்னோர் கண்ட பரிகாரமே நொய்யலின் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டப்பெற்ற இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும், அவ்வாய்க்கால்கள் நிரப்பும் குளங்களுமாம். கொங்குச் சோழர் காலத்துப் பணிகள் என்று மரபு கூறும் இவற்றுள், சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து புறப்படும் வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். கோவை நகரின் மேற்கு ஓரத்தில் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி, செல்வசிந்தாமணி என்று தொடரும் குளங்களும், அவற்றை அடுத்து உக்கடத்துப் பெரியகுளமும், அதற்கப்பால் வாலாங்குளமும் ஒரு சங்கிலியின் கண்ணிகள்போல் அமைந்திருக்கின்றன. ஒரு குளம் நிறைந்து கலிங்கு வழிந்தால், அந்த வழிநீர் கீழ்க்குளத்தின் பாத்தியதை. வயலில் பாய்ந்து கசிந்து மீண்டும் ஆற்றைச் சேரும் நீர் அடுத்த அணைக்கட்டின் பாத்தியதை. எடுப்பவன் முழுவதையும் எடுத்துவிட முடியாதபடியும், எடுத்ததில் ஒரு பங்கு திரும்பியே தீரும்படியும் இயற்றப்பட்ட அமைப்பு இது. கோடையில் குளத்து வண்டலை வண்டியிலேற்றி நிலத்துக்கு எருவாக அடித்த குடியானவன், தன் வயலையும் வளப்படுத்தினான், குளத்தையும் தூர் வாரினான். ஜீவனம் என்றும் நீர்நிலைப் பாதுகாப்பு என்றும் இன்று நாம் இருவேறு இலாகாக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பவை அன்று அவனுடைய மண்வெட்டியில் ஒரே வேலையாக இருந்தன.

இதைக் கொண்டு பழங்காலத்தைப் பொற்காலமென்று புனைந்துரைப்பது என் கருத்தன்று. ஆயக்கட்டில் நிலமுடையோருக்கே பாத்தியதை; மதகைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டிக்கும், வாய்க்காலில் இறங்கிச் சேறள்ளிய நிலமற்ற கூலிக்கும் அதில் உழைப்பு இருந்ததேயன்றி உரிமை இருந்ததில்லை. தொழில் என்பதும் இவ்வாற்றங்கரைக்குப் புதிதன்று. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் பலமுறை நடந்த அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியும் மணிகள் அறுத்தும் தூரதேசங்களோடு வாணிகம் செய்த ஒரு கைத்தொழில் ஊரை வெளிப்படுத்தியுள்ளன. ஆகவே உழவுக்குரிய புனித நதியைத் தொழில் வந்து கெடுத்தது என்று கதையை எளிதாக்கிவிடுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

உண்மையில் முதல் மாற்றம் உழவனின் தோட்டத்திலேயே நிகழ்ந்தது. கொங்கு நாட்டார் நிலத்தை வயல், தோட்டம், காடு என மூன்றாக வழங்குவர்: ஆற்றுப் பாசனமும் குளத்துப் பாசனமும் வயல், கிணற்றுப் பாசனம் தோட்டம், மழையை நம்பிய மேட்டு நிலம் காடு. மாடு கட்டிக் கவலையேற்றி இறைத்த காலம்வரையில் கிணற்றின் ஆழத்துக்கு மாட்டின் வலுவே வரம்பாக இருந்தது. 1932-இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் ஆலைகளை ஓட்டியதோடு தோட்டத்துக் கிணற்று மேட்டையும் எட்டியபோது, அவ்வரம்பு தகர்ந்தது. மோட்டார் வைத்தவன் வாய்க்கால் முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்கூடிக் குளம் வெட்ட வேண்டிய நிர்ப்பந்தமும் அவனுக்குத் தளர்ந்தது. கிணறுகள் ஆழ ஆழ நிலத்தடி நீர் இறங்க, மழை ஓய்ந்த பின்னும் ஊற்றுப் பெருக்கால் ஓடிக்கொண்டிருந்த ஆறு, மெல்ல மெல்ல வெள்ளக்காலத்து ஆறாகச் சுருங்கியது.

கிணறும் கைவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் திருப்பூரின் பனியன் கம்பெனிகளை நாடினர். 1920-களில் அங்கே சிறிதாகத் தொடங்கிய பின்னல் தொழில், எழுபதுகளின் இறுதியில் ஏற்றுமதிச் சந்தையைக் கண்டபின் பெருவெள்ளமாயிற்று. கூலியாகச் சேர்ந்த உழவர்மக்கள் உழைப்பையே மூலதனமாகக் கொண்டு முதலாளிகளான வரலாற்றை ஷரத் சாரி என்னும் அறிஞர் 2004-இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அப்பின்னல் துணிக்குச் சாயமேற்றிக் கழிவை நொய்யலில் விட்ட சாயப்பட்டறையை நடத்தியவனும், அதன் கழிவால் கிணறு கெட்டவனும் பெரும்பாலும் ஒரே குடியானவ மரபினர், பல இடங்களில் உறவின்முறையினர் என்பதை மறந்துவிட்டால், பின்னால் வந்த வழக்குகளின் வேதனை நமக்கு விளங்காது.

கழிவின் தன்மையையும் இங்கே சற்றுப் பார்க்க வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிப்பதற்காக உப்பைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ துணியில் தங்குவதில்லை, வந்த வழியே முழுதும் வெளியேறிவிடும். தொண்ணூறுகளில் நிறுவப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் பிற ரசாயனங்களும் இட்டு நிறத்தை ஒருவாறு போக்கினவேயன்றி, கரைந்த உப்பைத் தொடவும் அவற்றால் இயலவில்லை. ஆற்றின் சிவப்பையும் நீலத்தையும் ஊரார் கண்டு பேசினர். கண்ணுக்குத் தெரியாத உப்பு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிக்கொண்டிருந்தது. தெளிந்த நீரென்று இறைத்துப் பாய்ச்சியவனின் பயிர் கருகிய பின்னரே அது தெரியவந்தது.

இந்நிலையில்தான் திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. கடைமடைக் குடியானவர்களின் நெடுநாள் வேண்டுகோளை ஏற்று அரசு கட்டி, 1992-இல் திறந்த இவ்வணை, ஏறத்தாழ 10,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கும் என்று திட்டமிடப்பட்டது. நதியில் வரும் நீரை அளந்தவர்கள் அந்நீர் என்னவாக வருகிறது என்பதை அளக்கவில்லை போலும். மழை குறைந்த ஆண்டுகளில் அணையில் தேங்கியது பெரும்பாலும் சாயக்கழிவே. அது கசிந்து சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்தது; திறந்துவிட்டாலோ காவிரிவரை சென்றது. அணை வேண்டுமென்று மனுக்கொடுத்த அதே ஜனங்கள் அணையைக் காலி செய்யும்படி நீதிமன்றத்தின் படியேறினார்கள். நம் நாட்டு நீர்ப்பாசன சரித்திரத்தில் இத்தகைய விபரீதம் வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

சட்டம் இல்லாமற் போகவில்லை. நதிகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் மிகுதியாக மாசு செய்யும் தொழில்களைத் தொடங்கலாகாது என்று தமிழக அரசு 1989-லேயே ஆணை பிறப்பித்திருந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வழக்கில், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற பிரமாணத்தை 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அத்தீர்ப்பின் விளைவாக அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் படுகையையும் ஆராய்ந்து, 2004-இல் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட எட்டாத இத்தொகை, கெட்டுப்போன ஒரு கிணற்றுக்கு விலையாகுமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். ஆயினும் கீழ்மடைக்காரனுக்கு மேல்மடைக்காரன் கடன்பட்டவன் என்ற பழைய முறை, நூறாண்டு மறதிக்குப்பின் எழுத்தில் ஏறியது அப்போதுதான்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பர் 22-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத பூஜ்ய வெளியேற்ற முறையை அமைக்கும்படி பட்டறைகளுக்குத் தவணை குறித்து, அதுவரையில் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை ஏறிச்செல்லும் அபராதம் விதித்தது. 2009 அக்டோபர் 6-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. தவணைகள் கழிந்தும் ஆறு தெளியாமையால், 2011 ஜனவரி 28-இல் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன. அவற்றில் கூலிவேலை செய்தோர் பலர் பிழைப்பிழந்து ஊர் திரும்பினர். நதியைக் கெடுத்ததில் இலாபம் பெறாதவர்கள் அதைக் காப்பதற்கான விலையில் பங்கு செலுத்தினர் என்பதைத் தீர்ப்பைப் போற்றுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. சாயமேற்றும் வேலையில் ஒரு பகுதி வேறு படுகைகளின் கரைகளுக்குக் கள்ளத்தனமாகக் குடிபெயர்ந்ததும் உண்டு.

அரசு அளித்த வட்டியில்லாக் கடனும், உப்புநீரையே மீண்டும் சாயத்தொட்டிக்குப் பயன்படுத்தும் முறை கைகூடியதும் பட்டறைகளைப் படிப்படியாகத் திறக்கச் செய்தன. எதிர்ச்சவ்வூடு பரவலால் நீரைப் பிரித்து, எஞ்சியதை ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுக்கும் இம்முறைக்கு மின்சாரமும் விறகும் ஏராளமாக வேண்டும். பயன்படாத கலப்பு உப்போ மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. திருப்பூரின் குடிநீருக்கும் சாயத்தொழிலுக்கும் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர்வரை காவிரிப் பக்கத்திலிருந்து குழாயில் கொணரும் திட்டம் இதற்கு முன்னரே வந்துவிட்டது. நொய்யலின் தொழில் நொய்யலின் நீரை நம்பாமலே நடக்கலாயிற்று. இனி அதைக் காப்பதில் தொழிலுக்குச் சுயநலமான காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை, நீதிமன்றத்தின் மேலுள்ள அச்சத்தைத் தவிர.

மேற்கே கோவைக் குளங்களைத் தூர் வாரும் பணியைச் சிறுதுளி முதலான அமைப்புகள் 2003 முதல் மேற்கொண்டுள்ளன. ஆயினும் வாய்க்கால் நீரோடு நகரத்துச் சாக்கடையும் அக்குளங்களுக்கு வருகிறது. நொய்யலின் கிளையான நல்லாற்றின் நீரைப் பெறும் திருப்பூரின் நஞ்சராயன் குளம், 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சர்வதேச ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. கிழக்கே ஒரத்துப்பாளையத்தில், மழைக்காலத்து வெள்ளம் வந்து சேரும்போது முதலில் உப்பின் அளவைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பிறகு மதகுகளைத் திறந்து, பாசனத்துக்கென்று கட்டிய அணையின் வழியாகவே தண்ணீரைத் தேங்கவிடாமல் காவிரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.