சுசுகி முறை இசையாசிரியர்கள்

சுசுகி முறை இசையாசிரியர்கள், ஜப்பானிய வயலின் கலைஞர் ஷினிச்சி சுசுகி (1898–1998) வகுத்த கல்விமுறைப்படி மூன்று, நான்கு வயது முதலே குழந்தைகளுக்கு இசைக்கருவி கற்பிப்பவர்கள். தாய்மொழியைக் குழந்தை கேட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியும் கற்கிறது. இசையையும் அவ்வாறே எந்தக் குழந்தையும் கற்கும் என்பது இம்முறையின் அடிப்படை. எனவே வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு ஆசிரியரின் வேலை முடிவதில்லை. குழந்தை வீட்டில் நாள்தோறும் நல்ல இசையைக் கேட்கவும், பெற்றோர் அருகிலிருந்து பயிற்சி செய்விக்கவும் வழி அமைப்பதும் அவர் பொறுப்பே.

தோற்றம்

நகோயா நகரில் வயலின் தொழிற்சாலை நடத்திய மசகிச்சி சுசுகியின் மகன் ஷினிச்சி. வயலின் கலைஞர் மிஷா எல்மன் வாசித்த ஓர் இசைத்தட்டைக் கேட்டு, பதினேழு வயதில்தான் அவர் வயலினைக் கையில் எடுத்தார். 1920களில் பெர்லினில் வாழ்ந்தார். அங்கே வயலின் கலைஞர் கார்ல் கிளிங்லரிடம் பயின்றதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். நாடு திரும்பியபின் நான்கு வயதுச் சிறுவனுக்குக் கற்பிக்கும்படி ஒரு தந்தை வேண்டியபோது, அத்தனை சிறிய குழந்தைக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைத் தடையின்றிப் பேசுவதைக் கவனித்ததில் அவருக்கு விடை கிடைத்தது. அந்தச் சிறுவன் டோஷியா எட்டோ. பிற்காலத்தில் புகழ்பெற்ற வயலின் கலைஞரானார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் மட்சுமோட்டோ நகரில் இசைப்பள்ளி தொடங்கப்பட்டது. நுழைவுத் தேர்வு வைத்துத் திறமையானவர்களைப் பொறுக்கி எடுக்கும் வழக்கத்தை சுசுகி ஏற்கவில்லை. திறமை பிறப்பில் வருவதில்லை, வளர்ப்பில் வருகிறது என்பது அவர் வாதம். திறமைக்கு முன் பண்பு என்பதையும் தம் பள்ளியின் கொள்கையாகக் கொண்டார்.

வகுப்பறையில்

முதல் வகுப்புகளில் இசை பெரும்பாலும் இருக்காது. ஆசிரியர் ஓர் அட்டையில் குழந்தையின் பாதங்களை வரைந்து, அதன்மேல் நிற்கப் பழக்குகிறார். உண்மையான வயலினுக்குப் பதில், அட்டைப் பெட்டியில் அளவுகோலைச் செருகிச் செய்த பொம்மை வயலினைத் தோளில் வைக்கிறார். வில்லுக்குப் பதில் பென்சிலைப் பிடிக்கச் செய்து, கட்டைவிரலை வளைக்கவும் சுண்டுவிரலை மேலே ஊன்றவும் கற்றுத்தருகிறார். வகுப்பு வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும். இடைப்பட்ட நேரம் குழந்தையின் கவனம் நிற்கும் வரைதான். தொடக்கத்தில் அது சில நிமிடங்களாகவும் இருக்கலாம்.

பிறகு வருவது கால்பங்கு அளவையும் விடச் சிறிய, குழந்தையின் கைக்கேற்ற வயலின். விரல் வைக்க வேண்டிய இடங்களில் வண்ண நாடா ஒட்டியிருக்கும். பாடத்திட்டத்தின் முதல் பாடல், 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' என்று உலகம் அறிந்த பழைய பிரெஞ்சு மெட்டு. அதை வெவ்வேறு தாளக்கட்டுகளில் மாற்றி வாசிக்க சுசுகி வேறுபாடுகள் எழுதினார். ஒரே மெட்டு என்பதால் குழந்தை சலிக்காமல் திரும்ப வாசிக்கிறது. தாளம் மாறுவதால் வில்லின் வேகமும் அளவும் கைக்குள் வருகின்றன. வயலின் பாடநூல் பத்துத் தொகுதிகள் கொண்டது. நான்காம் தொகுதியில் விவால்டியின் கான்செர்ட்டோ, பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவில் ஒரு பகுதி ஆகியவை இடம்பெறுகின்றன. முன்பு கற்ற பாடல்களைக் கைவிடாமல் தொடர்ந்து வாசிப்பது இம்முறையின் விதி. புதிய நுட்பத்தைப் பழைய பாடலில் வைத்தே ஆசிரியர் பழக்குகிறார்.

வாரம் ஒரு தனி வகுப்பும், அவ்வப்போது கூட்டு வகுப்பும் நடக்கும். கூட்டு வகுப்பில் சிறியவர் பெரியவரைப் பார்த்துக் கற்கின்றனர். எல்லோரும் அறிந்த ஒரே பாடல்கள் என்பதால், வெவ்வேறு நாட்டுக் குழந்தைகள் ஒத்திகையின்றியே சேர்ந்து வாசிக்க முடிகிறது.

பெற்றோரும் ஆசிரியரும்

ஆசிரியர், பெற்றோர், குழந்தை என்ற மூவரும் சேர்ந்த கூட்டணியே இம்முறையின் முதுகெலும்பு. தொடக்கத்தில் தாய்க்கே முதலில் பாடம் நடந்தது. அவர் வீட்டில் வாசிப்பதைப் பார்த்து, 'நானும் வாசிக்கிறேன்' என்று குழந்தை தானே கேட்கும் வரை சுசுகி காத்திருந்தார். இன்றும் பெற்றோர் வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுத்து, வாரம் முழுவதும் வீட்டில் ஆசிரியரின் இடத்தில் இருக்கின்றனர். அதனால் ஒரே பாடத்தை இருவருக்கு ஏற்பச் சொல்லும் திறமை ஆசிரியருக்கு வேண்டும். திருத்தங்களை ஒரே மூச்சில் அடுக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதும், குறை சொல்லுமுன் நல்லதைச் சொல்வதும் அவர்கள் பழகிக்கொள்ளும் நடைமுறைகள்.

ஆசிரியர் பயிற்சி

நன்றாக வாசிக்கத் தெரிந்தால் மட்டும் ஒருவர் சுசுகி ஆசிரியராகிவிட முடியாது. தொடக்கக் காலத்தில் பலர் மட்சுமோட்டோவுக்கே சென்று சுசுகியின் வகுப்புகளைக் கவனித்தனர். இப்போது பயிற்சியை அந்தந்தக் கண்டத்து அமைப்புகள் நடத்துகின்றன. அமெரிக்காவில் வாசிப்புத் தேர்வுக்கும் அறிமுக வகுப்புக்கும் பின், பாடநூலின் ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் பயிற்சி உண்டு. ஐரோப்பாவில் ஐந்து நிலைகளாகத் தேர்வு நடைபெறுகிறது. இரண்டு இடங்களிலும் அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பில் அமர்ந்து கவனிப்பது பயிற்சியின் கட்டாயப் பகுதி.

பரவல்

ஜப்பானியக் குழந்தைகள் கூட்டமாக பாக்கின் இசையை வாசிக்கும் படம் 1958இல் அமெரிக்காவின் ஓபர்லினில் இசையாசிரியர்களுக்குத் திரையிடப்பட்டது. மறு ஆண்டே ஜான் கெண்டல் என்ற ஆசிரியர் ஜப்பான் சென்று, இம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1961இல் டோக்கியோவில் ஏறத்தாழ 400 குழந்தைகள் வாசிக்கக் கேட்டு செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் கண்கலங்கினார். 1964இல் பத்துக் குழந்தைகளுடன் சுசுகி அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார். அமெரிக்கக் கண்டங்களுக்கான சுசுகி சங்கம் 1972இலும், பன்னாட்டுச் சங்கம் 1983இலும் அமைந்தன. செல்லோ, பியானோ, புல்லாங்குழல், கிட்டார், யாழ்வகைக் கருவியான ஹார்ப், வாய்ப்பாட்டு எனப் பிறவற்றுக்கும் முறை விரிந்துள்ளது.

பெற்றோர் வகுப்புக்கு வர இயலாத இடங்களில் ஆசிரியர்கள் முறையை வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் அரசுப் பள்ளிகளில் கற்பித்த ராபர்ட்டா குவாஸ்பாரி, சுசுகி முறையைத் தழுவிக் கூட்டு வகுப்புகளாக வயலின் சொல்லிக்கொடுத்தார். 1991இல் பள்ளி நிதி வெட்டப்பட்டதை அடுத்து, திட்டத்தைக் காக்க 1993இல் கார்னகி ஹாலில் கச்சேரி நடந்தது. ஐசக் ஸ்டெர்ன், இட்சாக் பெர்ல்மன் போன்றோர் மாணவர்களோடு வாசித்தனர். 1999இல் வெளியான 'மியூசிக் ஆஃப் தி ஹார்ட்' திரைப்படம் குவாஸ்பாரியின் கதையே.

விமர்சனங்கள்

செவிவழிக் கற்றலுக்கு முதலிடம் தருவதால் இசைக்குறியீடு படிக்கும் திறன் பின்தங்குகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. குழந்தை வசதியாக வாசிக்கத் தொடங்கியபின் குறியீட்டைக் கற்பிக்க வேண்டும் என்பதே முறையின் நிலைப்பாடு. எப்போது தொடங்குவது என்பது ஆசிரியரின் கணிப்பு. இசைத்தட்டைப் பின்பற்றுவதால் எல்லோரும் ஒரேமாதிரி வாசிப்பதாகவும், கற்பனைக்கு இடமில்லை என்றும் சிலர் கூறுகின்றனர். அமெரிக்க வயலின் கலைஞர் மார்க் ஓ'கானர், சுசுகி கிளிங்லரிடம் பயின்றார் என்பதையே 2014இல் ஐயுற்றுச் சர்ச்சை கிளப்பினார். சுசுகி அமைப்புகள் அதை மறுத்தன. தொழில்முறைக் கலைஞர்களை உருவாக்குவது தம் நோக்கமல்ல என்று சுசுகி வலியுறுத்தினார். ஆகவே மேடையேறும் மாணவர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இம்முறையின் ஆசிரியரை எடைபோடுவது பொருந்தாது என்பது அதன் ஆதரவாளர் வாதம்.